ஆண்ட்ரோமெடாவின் நிறம் யார் கொடுத்தது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன வாரம் நீங்கள் தளத்தில் போட்டிருந்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வான்நோக்கு நிகழ்ச்சியில் வரிசையில் நின்று, தொலைநோக்கியில் இதே ஆண்ட்ரோமெடாவைப் பார்த்தவர் அவர். "நான் பாத்தப்ப விபூதியைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறைதான் இருந்துச்சு. இதுல நடுவுல மஞ்சள், ஓரத்துல நீலம், அங்கங்க ரோஸ். கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களே "பிராசஸ் செய்ய இரண்டு வாரம் ஆனது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்தீர்கள்? அந்த நிறங்கள் நிஜமா?

இன்னொன்று. என்னிடம் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 200 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் இருக்கின்றன. வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வாங்க வசதியில்லை. நான் முயன்று பார்க்கலாமா?

எஸ்.,
தருமபுரி

அன்புள்ள எஸ்.,

அப்பா பார்த்த கறையும் நிஜம், நான் போட்ட படமும் நிஜம். கி.பி. 964-ல் பாரசீக வானியலாளர் அல் சூஃபி இதே பொருளைச் சிறு மேகம் என்றுதான் குறித்து வைத்தார். கண்ணால் பார்ப்பவர் யாருக்கும் அது அப்படித்தான் தெரியும்.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. மங்கிய ஒளியில் வேலை செய்பவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் காணும் கூம்பு செல்கள் விழித்துக்கொள்ள ஆண்ட்ரோமெடாவின் ஒளி போதாது. பெரிய தொலைநோக்கி வைத்தாலும், பக்கத்தில் போனாலும் இது தீராது. உருவம்தான் பெரிதாகும், பரப்பின் ஒவ்வொரு துளியிலும் பிரகாசம் கூடாது. இதற்குச் சாட்சி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நாம் குடியிருப்பதே ஒரு விண்மீன் மண்டலத்துக்குள். ஆண்ட்ரோமெடாவைப் போல 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இல்லை, உள்ளேயே இருக்கிறோம். அப்படியும் பால்வீதி நமக்குப் பால் சிந்தியதுபோல வெளுப்பாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் நிறம் இருப்பதை எப்படி நம்புவது? தை மாதம் இருட்டியதும் அப்பாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் ரோகிணியைக் காட்டுங்கள். ஆரஞ்சு நிறம் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து கிழக்கே திருவாதிரை, சிவப்பு. அதற்குத் தெற்கே ரைஜல், நீலம் கலந்த வெள்ளை. ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருப்பதால் விண்மீன்களின் நிறம் நம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஆண்ட்ரோமெடா இப்படிப்பட்ட விண்மீன்கள் கோடானுகோடி சேர்ந்ததுதான். நடுப்பகுதியில் ரோகிணியைப் போன்ற வயதான, வெப்பம் குறைந்த விண்மீன்களின் ஒளி மிகுதி, அதனால் மஞ்சள். வெளிக்கரங்களில் இளம் விண்மீன்கள் சூடாக எரிகின்றன; அதனால் நீலம். பழுப்புக் கோடுகள் தூசி. உங்கள் அப்பா ரோஸ் என்று சொன்ன பொட்டுகள் புதிய விண்மீன்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்கள்.

அந்த ரோஸ் எல்லாக் கேமராவிலும் விழாது. ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஆழ்ந்த சிவப்பில் பெரும்பகுதியை, சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி தடுத்துவிடும். என் கேமராவில் அந்த வடிகட்டியைக் கழற்றி வைத்திருக்கிறேன். உங்கள் படத்தில் ரோஸ் குறைவாக வந்தால் அது உங்கள் தவறு இல்லை.

இனி அந்த இரண்டு வாரக் கதை. படம் எடுத்தது ஜவ்வாது மலையில், நண்பர் ஒருவரின் சாமைக் கொல்லையில். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூரும் இதே மலைத்தொடர்தான். ஆண்ட்ரோமெடா நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபரில். சரியாக அப்போதுதான் நமக்கு வடகிழக்குப் பருவமழை வந்து வானத்தை மூடும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு மிஞ்சுவது மார்கழி, தை மாதங்களில் இருட்டியதிலிருந்து பத்து மணி வரையிலான மூன்று மணி நேரம். அதிலும் அமாவாசையை ஒட்டிய சில நாட்கள் மட்டும்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல் துருவ நட்சத்திரம். டிராக்கரை அதை நோக்கித்தான் சீர் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் அது வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். நமக்கு ஏறக்குறைய 12 டிகிரிதான், தொடுவானத்தை ஒட்டி. அந்தக் கொல்லையின் வடக்கில் ஒரு புளியமரம் நிற்கிறது. முதல் இரவில் அரை மணி நேரம் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி இடம் தேடினேன்.

நான்கு இரவுகளில் 2 நிமிடப் படங்களாக 320 எடுத்தேன். மூன்றாம் இரவு ஒரு கட்டத்துக்குப் பிறகு வந்த படங்களில் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் ஒளிவட்டம். டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸ் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கிறது. 38 படங்களை அப்படியே நீக்கினேன். மீதி 282.

அவற்றில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்தால் உங்கள் அப்பா ஆச்சரியப்படுவார். கறுப்புப் படம், நடுவில் ஒரு மங்கல். அவர் பார்த்த அதே கறை. ஆனால் நிறம் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. சென்சாரின் ஒவ்வொரு நான்கு பிக்ஸலிலும் இரண்டின் மேல் பச்சை வடிகட்டி, ஒன்றின் மேல் சிவப்பு, ஒன்றின் மேல் நீலம். இந்த ஏற்பாட்டுக்குக் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்றார். அந்தப் பிக்ஸல்கள் தனித்தனியே எண்ணிவைத்த ஒளிதான் நிறம். நான் சேர்த்தது எதுவுமில்லை.

282 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் ஸ்டாக்கிங். மண்டலத்தின் ஒளி 282 மடங்கு சேரும். படத்தில் புள்ளிபுள்ளியாகப் படரும் தற்செயலான இரைச்சல் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, ஏறக்குறைய 17 மடங்குதான் கூடும். அப்படித்தான் புழுதி அடங்கி உருவம் மேலே வருகிறது. இதோடு ஃப்ளாட் படங்களும் வேண்டும். லென்ஸ் வாயில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தைச் சில படங்கள் எடுத்துக்கொள்வேன். சென்சார் மேல் ஒட்டிய தூசியின் நிழல்களும் ஓரங்களின் இருட்டும் அதைக் கொண்டு கழிந்துவிடும்.

அடுக்கிய படமும் பார்க்க இருட்டாகத்தான் இருக்கும். 14 பிட் கேமரா ஒளியை 16,384 படிகளாக அளக்கிறது. ஆண்ட்ரோமெடாவின் கரங்கள் கீழ்ப்படிகளில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றை இழுத்து விரிப்பதை ஸ்ட்ரெச் என்கிறோம். மூன்று நிறங்களையும் ஒரே விகிதத்தில் விரித்தால் நிறம் மாறாது. அவசரப்பட்டால் நடுப்பகுதி வெளுத்து மஞ்சள் காணாமல் போகும். என் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. அடிவாரத்து ஊர்களின் விளக்கு வெளிச்சம் படத்தின் ஒரு மூலையில் ஆரஞ்சாகப் படர்ந்திருந்தது. அதைக் கழிக்கவும் சில இரவுகள் ஆயின.

அடுத்து நிறத்தைச் சரிபார்த்தல். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. படத்தில் உள்ள விண்மீன்களின் நிறமாலையைக் கையா விண்கலம் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறது. சிரில் என்ற இலவச மென்பொருள் அந்த அளவுகளோடு என் படத்தின் விண்மீன்களை ஒப்பிட்டு, எந்த நிறம் எவ்வளவு கூடக் குறைய இருக்கிறது என்று திருத்தும். தராசுக்குப் படிக்கல் போல அந்த விண்மீன்கள். எது வெள்ளை என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். சூரியனைப் போன்ற விண்மீன் வெள்ளையாகத் தெரியட்டும் என்று வைத்தேன். சிலர் ஒரு சராசரிச் சுருள் மண்டலத்தை வெள்ளையாக வைப்பார்கள். அப்போது நடுப்பகுதியின் மஞ்சள் கொஞ்சம் தணியும். இரண்டுமே நேர்மையான தேர்வுகள்.

இந்தப் படிக்கல்லின் அருமை எனக்கு ஒரு தவறு செய்த பிறகுதான் புரிந்தது. ஆரம்ப காலத்தில் 85 மி.மீ. லென்ஸில் ஆண்ட்ரோமெடாவை அகலமாக எடுத்து, இணையத்தில் பார்த்த படங்கள் மாதிரி வரவேண்டும் என்று நீலத்தைக் கையாலேயே ஏற்றினேன். பலரும் பாராட்டினார்கள். சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்த மிராக்கைக் கவனித்தேன். மிராக் ஒரு செம்பெரு விண்மீன், வெறும் கண்ணுக்கே செந்நிறம். என் படத்தில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. மிராக் பொய்யென்றால் அந்த நீலக் கரங்களும் பொய்தான். அந்தப் படத்தை நீக்கிவிட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாச்சுரேஷனை ஏற்றியிருக்கிறேன். மஞ்சள் மஞ்சள்தான், நீலம் நீலம்தான். ஆனால் எவ்வளவு அழுத்தமாக என்பது என் கை. உங்கள் அப்பாவுக்கு அந்த அளவில் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம். கூர்மையாக்குகிறேன் என்று தானே விவரத்தைக் கற்பனை செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நான் தொடுவதில்லை. கேமராவில் விழாத ஒரு விண்மீன் என் படத்தில் இருக்கக் கூடாது. விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களின் பொன்னும் நீலமுமான படங்கள் பலவும் வேறு வகை: அவற்றில் ஹைட்ரஜனின் சிவப்பைப் பச்சைக்கு மாற்றி வைப்பார்கள், வாயுக்களைப் பிரித்துக் காட்டுவதற்காக. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் படங்கள் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வடிகட்டிகள் வழியாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்துச் சேர்த்தால் நிறம் வரும் என்று 1861-லேயே இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு ரிப்பனை வைத்துக் காட்டிவிட்டார். ஆங்கிலோ-ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் டேவிட் மாலின் அதே முறையில், கண்ணாடித் தகடுகளை இருட்டறையில் சேர்த்து விண்மீன் மண்டலங்களின் வண்ணப் படங்களை உருவாக்கினார். கம்ப்யூட்டர் இல்லாமலே வந்த நிறங்கள் அவை.

பிராசஸ் செய்வதால் இல்லாதது வந்துவிடுகிறதா? 2022-ல் யான் சாந்தி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் ஆகிய மூன்று அமெச்சூர்கள் ஆக்ஸிஜன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியையும் சேர்த்துப் போட்டு, ஆண்ட்ரோமெடாவை மொத்தம் நூறு மணி நேரத்துக்கும் மேல் படமெடுத்தார்கள். அதற்குப் பக்கத்தில் மாபெரும் ஒளி வில் ஒன்று வெளிப்பட்டது. அத்தனை கோடிப் படங்களில் யாரும் பார்க்காதது. வேறு கருவிகளாலும் எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் இருந்தது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

உங்கள் கருவிகள் தாராளமாகப் போதும். ஆண்ட்ரோமெடா வானத்தில் மூன்று டிகிரி நீளம், ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. 200 மி.மீ. லென்ஸில் அழகாக அடங்கும். டிராக்கர் இல்லாததால் ஒன்றரை வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறக்காதீர்கள், விண்மீன்கள் கோடாகிவிடும். ஐஎஸ்ஓ 1600, ரா ஃபைல், ஆயிரம் படங்கள். மொத்தம் 25 நிமிட ஒளி கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆண்ட்ரோமெடாவைப் படத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

தேட உத்திரட்டாதியில் தொடங்குங்கள். அதன் இரண்டு மீன்களில் வடக்கே இருப்பதிலிருந்து வடகிழக்காகப் போனால் இரண்டாவது பிரகாசமான மீன் மிராக். அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி இரண்டு மங்கிய மீன்களைத் தாண்டுங்கள். இரண்டாவதன் பக்கத்தில் அந்தக் கறை இருக்கும். நேராகப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.

ஆயிரத்தில் முதல் படத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அப்பாவிடம் அதை முதலில் காட்டிவிட்டு, அடுக்குவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள். வந்த படத்தை எனக்கும் அனுப்புங்கள், அந்த முதல் படத்தோடு.