குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கா? தருமபுரி வக்கீலின் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தருமபுரியில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, திருவிழா முடிஞ்சு பைக்ல வரும்போது மடக்கி ஊதச் சொன்னாங்க. மெஷின்ல 62 காட்டுச்சு. அங்கேயே ஃபைன் கட்டுறேன்னு சொன்னேன், கோர்ட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. பத்தாயிரம் கட்டினா முடிஞ்சிடுமா?

முடியாது தம்பி. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல இதற்கு ரோட்டிலேயே பணம் கட்டி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் சிறை இரண்டு வருடம் வரை, அபராதம் 15,000.

நிறைய பேர் "ஒத்துக்கிட்டு கட்டிட்டு வந்துடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டால் நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். 20-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதமாவது உங்களை வண்டி ஓட்டத் தகுதியற்றவராக அறிவிக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு வழக்கு வந்தால் அது இரண்டாவது குற்றம். இது போக, போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பும். அவர் முதல் முறைக்கு மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதற்கு முன்பு உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக விடாதீர்கள், எழுத்தில் பதில் கொடுங்கள்.

கேள்வி (அரூர்): சார், நான் குடிக்கவே இல்லை, இருமல் சிரப்தான் சாப்பிட்டேன். கேஸ் போட்டுட்டாங்க. வழக்கில் எது நிற்கும்?

கதை நிற்காது, காகிதம் நிற்கும். வழக்கு கையில் வந்ததும் நான் முதலில் தேடுவது மெஷின் கக்கும் அந்தச் சின்னச் சீட்டைத்தான். அதில் தேதி, நேரம், மெஷின் எண், அளவு இருக்கும். உங்களை ஊதச் சொல்வதற்கு முன் வெறும் காற்றை வைத்துப் பார்த்து பூஜ்யம் வந்ததா என்று பார்ப்பேன். சீட்டில் உள்ள நேரமும் எஃப்ஐஆரில் உள்ள நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற சான்றையும் கேட்பேன்.

ஆல்கஹால் கலந்த சிரப்போ மவுத்வாஷோ வாயில் கொஞ்ச நேரம் தங்கும். அந்த நேரத்தில் ஊதினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் "கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதுகிறேன், ரத்தமும் எடுங்கள்" என்று அப்போதே கேட்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பிடித்த நேரம், ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் இரண்டையும் குறித்து வைத்திருங்கள்.

ஊதவும் வைக்காமல், ரத்தமும் எடுக்காமல், "வாயில் மது வாடை, தள்ளாடினார்" என்று மட்டும் சான்றிதழ் இருந்தால் அது பலவீனமான வழக்கு. வாடை, தள்ளாட்டம், உளறல் இவற்றை வைத்து மட்டும் குடித்திருந்தார் என்று முடிவு செய்ய முடியாது என 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உண்மையாகவே குடித்துவிட்டு சிரப் கதை சொல்ல வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் அது உடைந்துவிடும்.

கேள்வி (பர்கூர்): ஊதவே மாட்டேன்னு சொல்லிட்டா?

வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். சரியான காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும். மறுக்காதீர்கள்.

கேள்வி (ஓசூர்): காலை 6 மணிக்குக் கம்பெனி பஸ் எடுக்கணும். ராத்திரி குடிச்சது காலையில் காட்டுமா சார்?

காட்டும். பொதுவாக உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைக்கும். நள்ளிரவில் 150 இருந்தால் காலை 6 மணிக்கும் 60 இருக்கும், அதாவது வரம்பைப் போல் இரண்டு மடங்கு. காபியோ மோரோ எலுமிச்சையோ, எதுவும் இதை வேகப்படுத்தாது. சிப்காட்டுக்கு நாற்பது பேரை ஏற்றிப்போகும் நீங்கள், மறுநாள் ஷிஃப்ட் இருந்தால் முந்தின இரவு தொடாமல் இருப்பதே ஒரே வழி.

கேள்வி (காவேரிப்பட்டணம்): ஐயா, எங்க வீட்டுக்காரர் மாங்காய் லோடு ஏத்திப் போனபோது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி மோதி ஒருத்தர் இறந்துட்டார். குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க. என்ன ஆகும்?

அம்மா, இதை மறைக்காமல் சொல்கிறேன். 185 இங்கே சின்ன வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ல் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என நீதிமன்றம் கருதினால் 105-ஆம் பிரிவுக்கு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குப் போகும். மும்பை கார்ட்டர் ரோடு நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் 2006-ல் கார் ஏறி இறந்த வழக்கில், அந்த வகைக் குற்றத்துக்குத் தந்த மூன்று வருடத் தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரியை நிதானத்தில் இருப்பவர் ஓட்டுவதே கஷ்டம் என்பதை அரசு வக்கீலும் சொல்வார்.

இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. பல வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு லாரி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. லாரிக்கு ஆன சேதத்துக்குக் காப்பீடு கிடைப்பது கஷ்டம். ஊதும் சோதனை இல்லாவிட்டாலும், போதையில் ஓட்டினார் என்பது மற்ற சூழ்நிலைகளில் தெரிந்தால் கம்பெனி மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் முதலில் ரத்தப் பரிசோதனை அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை இரண்டின் நகலையும் வாங்குங்கள். பிரேக் பழுது என்றால் அது இரண்டாவதில் வரும்.

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல் போய்ட்டு வந்தோம், நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேஸா?

ஆமாம், வரலாம். 188-ஆம் பிரிவுப்படி உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் நீங்கள் அவரை ஓட்டத் தூண்டினீர்களா என்பதே உங்கள் வழக்கில் கேள்வி.

கேள்வி (கிருஷ்ணகிரி): வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லைங்க.

185-ல் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வழக்கு நடத்த, நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சம்மனையும் ஆதார் நகலையும் கையில் எடுத்துப் போங்கள், வாய்தா தேதிக்கு முன்பே போய்விடுங்கள்.