குறி சுடாத மாடுகள்

அன்புள்ள ஐயா,
வவுனியாவில் படிக்கிறேன். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதுகிறேன். ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் மூன்று நான்கு பெயர்களைப் போட்டிருந்தேன். மேற்பார்வையாளர் “இதில் எது யாருடையது?” என்று திருப்பித் தந்துவிட்டார். கடைசியில் உசாத்துணைப் பட்டியல் முழுமையாகத்தானே இருக்கிறது? ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எப்படிக் காட்டுவது?
ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,
உங்கள் மேற்பார்வையாளர் கேட்டது நியாயம். வன்னியில் காட்டோரம் மேயவிடுகிற மாடு ஒவ்வொன்றுக்கும் குறி சுட்டிருக்கும். கடைசியாகப் போகிற மாட்டுக்கு மட்டும் சுட்டுவிட்டு முழுப் பட்டியையும் உரிமை கேட்டால் யார் விடுவார்கள்? குளத்தின் பழைய பெயரை ஒருவர் சொல்லியிருப்பார், அது திருத்தப்பட்ட காலத்தை இன்னொருவர். அந்தந்த வசனத்திலேயே அவரவர் பெயரும் ஆண்டும் வரட்டும். இரண்டையும் சேர்த்து நீங்கள் ஊகித்த வசனத்தில் ஒருவர் பெயரும் வேண்டாம். அது உங்களுடையது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏபிஏ முறையில் “லூயிஸ் (1895) கூறுவதுபோல” என்று தொடங்கலாம், அல்லது வசன முடிவில் (லூயிஸ், 1895) என்று போடலாம். அவருடைய சொற்களையே எடுத்தால் பக்க எண்ணும் தேவை. உங்கள் பீடம் ஹாவார்ட் முறை கேட்டால் பெரும்பாலும் புள்ளி, காற்புள்ளிதான் மாறும்.

லூயிஸ் என்றதும் என் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைநூலை வாசிக்காமலே மேற்கோள் காட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய. நானும் அப்படித்தான். ஒரு கோயில் மலரில் கண்ட வரியை, பக்க எண்ணோடு, மூலத்தையே புரட்டியவன்போல எழுதிவிட்டேன். பிறகு மறுபதிப்பு கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் வேறேதோ இருந்தது. மலர்க்காரரும் யாரிடமிருந்தோ எடுத்தவர்தான். லூயிஸ் சொன்னதாக இன்னார் எடுத்துக்காட்டியது என்று எழுதியிருந்தால் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அப்படி எழுதும்போது பட்டியலிலும் மலர்க் கட்டுரைதான் வரும், லூயிஸ் வரமாட்டார். மறுபதிப்பையே வாசித்தீர்களா? மூல ஆண்டை முன்னும் மறுபதிப்பு ஆண்டைப் பின்னுமாகச் சாய்கோடிட்டு எழுதுங்கள். ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் வாசித்தாலும் வசனத்துக்குள் வருவது நூலாசிரியரின் பெயரே.

அப்புறம் நம் பெயர்கள். யாழ்ப்பாண இராச்சியம் பற்றி எழுதிய சி. பத்மநாதனை (பத்மநாதன், 1978) என்றால் சரி, முதலெழுத்து முன்னால் நிற்கிறது. ஆனால் தகப்பன் பெயரைப் பின்னால் முழுதாக எழுதுகிறவர் என்றால், உசாத்துணை மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆய்வு செய்தவரை விட்டு அவருடைய அப்பாவை மேற்கோள் காட்டியிருப்பீர்கள்! ஒவ்வொன்றையும் கையால் பாருங்கள்.

பெரியவர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வயலுக்குக் குளத்து நீர் பங்கிடுவதைக் கவனித்த பழைய வட்டவிதானை ஒருவர் தற்செயலாகச் சொன்ன தகவல் என்றால், அவர் பெயர், தனிப்பட்ட தொடர்பு என்ற குறிப்பு, முழுத் திகதி ஆகியவற்றை வசனத்துக்குள் போட்டால் போதும். பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆனால் ஆய்வுக்கென்றே அவரை நேர்கண்டிருந்தால் அவர் பங்கேற்பாளர். அங்கே மேற்கோள் குறிப்புக்கு இடமில்லை, புனைபெயரிலோ “ஒரு முதிய கமக்காரர் சொன்னார்” என்றோ எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வன்னியில் உண்டு. ஏன் என்று கேட்காதீர்கள்.

எழுதிய பந்தியை அவரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். வயலுக்கு நீர் திறந்துவிடும் துருசு இருக்கும் இடத்தில், மிகை நீர் வழியும் கலிங்கு என்று எழுதியிருப்பீர்கள், திருத்துவார்.