‘மாற்றம் ஒன்றே மாறாதது’ அல்ல, வால்டேரும் அல்ல

உங்கள் கட்டுரைக்காக ‘மாற்றம் ஒன்றே மாறாதது’ என்று மொழிபெயர்த்து, வால்டேர் சொன்னதுதானா என்று நீங்கள் கேட்ட பிரெஞ்சு வரி அந்தச் சிந்தனையாளருடையது இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் கார் தன் ‘லெ கெப்’ (Les Guêpes, குளவிகள்) மாத இதழில் 1849 ஜனவரியில் எழுதியது. வால்டேர் இறந்தது 1778இல்.

உங்கள் மொழிபெயர்ப்பையும் மாற்றுங்கள். ‘மாற்றம் ஒன்றே மாறாதது’ என்பது வேறு கருத்து. மூலம்: ‘ப்ளூ ஸா ஷான்ஜ், ப்ளூ சே லா மேம் ஷோஸ்’. இரண்டு ‘ப்ளூ’வும் சேர்ந்து ‘எவ்வளவுக்கெவ்வளவு, அவ்வளவுக்கவ்வளவு’ என்று வரும். ‘மாற மாற, பழையதேதான்’ என்றால் மூலத்தில் உள்ள கடுப்பு அப்படியே வந்துவிடும். அந்தக் கடுப்புக்குப் பின்னணி உண்டு: பிரான்ஸில் 1848இல் மன்னராட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. அந்த டிசம்பரில்தான் லூயி நெப்போலியன் அதிபரானார். அடுத்த மாதமே இந்த வரி. கட்டுரையில் இந்தப் பின்னணிக்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள், அது இல்லாமல் வரி வெறும் தத்துவமாகிவிடும்.

வரி யாருடையது என்ற குழப்பத்துக்கு, பொன்மொழித் தொகுப்புகள் ஆண்டும் இதழும் இல்லாமல் பெயரை மட்டும் போடுவது காரணமாக இருக்கலாம்.

சரிபார்க்க, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிகா தளத்தில் இதழின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் தேடுங்கள். ஒன்று கவனம்: குளவிகள் பிறகு நூல் தொகுதிகளாகவும் வந்தன. தொகுதியின் பதிப்பாண்டை இதழின் ஆண்டாகப் போட்டுவிடாதீர்கள்.