ஒரே வேனில் நான்கு சரக்கு: எதை எப்போது எடுப்பது?

தங்கச்சிமடத்தில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "இன்ஜின் ஆயில், வலை, கயிறு, ஈயக்குண்டு எல்லாமே மதுரையிலிருந்துதான் வருகின்றன. எது தீர்கிறதோ அதற்கு வேன் பிடிக்கிறேன். வாடகை கட்டுப்படியாகவில்லை. மொத்தமாக வாங்கிப் போட்டால் பணம் முடங்குகிறது. என்ன செய்யலாம்?"

வேன் வாடகை எல்லாச் சரக்குக்கும் பொதுவான செலவு. அதை ஒவ்வொரு சரக்கின் தலையிலும் தனித்தனியாக ஏற்றுவதால்தான் இந்தத் திண்டாட்டம். நீங்கள் விற்பனை விவரம் எழுதவில்லை. அதனால் ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

மாத விற்பனை ஆயில் 1,00,000 ரூபாய், வலை 60,000, கயிறு 35,000, ஈயக்குண்டு 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு வேன் 2,000. ஆயில், வலை, கயிறு மூன்றுக்கும் ஏற்றுகூலி தலா 100. ஈயக்குண்டை வேறு இடத்தில் போய் எடுக்க வேண்டும், அதற்கு 500. கடன் வட்டியும் சேதாரமும் சேர்த்து, கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பில் மாதம் 2 சதவீதம் செலவு.

ஒவ்வொன்றுக்கும் தனி வேன் பிடித்தால், அதுவும் மிகச் சரியான இடைவெளியில் பிடித்தாலும், மாதம் சுமார் 7,565 ரூபாய் போகும். இப்போது மாதம் ஒரே வேன். ஈயக்குண்டு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வேனும் கூலியும் 2,550. சரக்கு வரும் நாளில் நிறைந்து, அடுத்த வேன் வரும்போது தீருவதால், சராசரியாகப் பாதிதான் கடையில் இருக்கும். ஆக முடங்கும் பணத்தின் செலவு 2,050. மொத்தம் 4,600. கிட்டத்தட்ட 3,000 ரூபாய் கையில் நிற்கிறது!

ஈயக்குண்டை ஏன் தள்ளினேன்? விற்பனை குறைவு, தனியாக எடுக்கும் செலவு அதிகம். அப்படிப்பட்ட சரக்கை இரண்டு நடைக்கு ஒருமுறை, நான்கு நடைக்கு ஒருமுறை என இரட்டித்துக்கொண்டே போகலாம். விற்பனை சீராக இருந்தால், இந்த இரட்டிப்பு முறையில் செலவு மிகச் சிறந்த திட்டத்தைவிட 6 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1985இல் ஜாக்சன், மாக்ஸ்வெல், மக்ஸ்டாட் ஆகிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நாள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பயமில்லை. என் கணக்கில் சரியான இடைவெளி 33 நாள். அதை 30 ஆக்கியதில் கூடும் செலவு முப்பது ரூபாய்கூட இல்லை.

சரி, நடுவில் கயிறு தீர்ந்தால்? ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழ்க்கோட்டைத் தொட்டால் வேன் அனுப்பியே ஆக வேண்டும். வேன் எப்படியும் போகிறது என்றால், மேல்கோட்டுக்குக் கீழே இறங்கிய மற்றதையும் அதிலேயே ஏற்றிவிடுங்கள். கயிறு, சங்கிலியை மாட்டும் இரும்பு ஷேக்கிள் வைத்திருந்தால் அதற்கு மேல்கோடு தாழ்வாகவே இருக்கட்டும்; நம் கரையின் உப்புக்காற்றில் துருவேறியதை யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்புறம், விற்பனை சீராக இருக்கும் மாதங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆயில் நகராது. ஆனால் கரையில் வலை முடைவார்கள், படகைப் பழுது பார்ப்பார்கள். அதனால் மார்ச் கடைசி வேனில் ஆயிலைக் குறைத்து, வலை நூலும் கயிறும் கூட்டி ஏற்றுங்கள். ஆயில் கேன்களை ஜூன் முதல் வாரத்து வேனில் எடுத்தால் போதும்.