குரல் கம்மினால் அமிலம்தான் காரணமா? ஒரு தொண்டை மருத்துவரின் பதில்கள்

எதுக்களிப்பும் (வயிற்று அமிலம் மேலேறி வருவது) குரல் கம்மலும் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் வரிசையை மாற்றி முதலில் வைக்கிறேன். அது காத்திருக்கக் கூடாத கேள்வி.

அப்பாவுக்கு 58 வயது. பீடி பிடிப்பவர். ஏழு வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது. மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்?

ஒரு நாளும் பார்க்க வேண்டாம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் எவருக்கும் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர் என்றால் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல்நாணில் வரும் புற்றுநோய் தொடக்கத்தில் கம்மலாக மட்டுமே தெரியும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். விழுங்கச் சிரமம், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், எடை குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே சொல்லுங்கள். காசநோயும் குரல்வளையைத் தாக்கும் என்பதால் இருமல், மாலைக் காய்ச்சல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

நான் பள்ளி ஆசிரியை. நெஞ்செரிச்சலே கிடையாது. ஆனால் ஓயாமல் செருமுகிறேன், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போலிருக்கிறது. இது அமிலத்தால் வருமா?

வரலாம். உணவுக்குழாய் அவ்வப்போது மேலேறும் அமிலத்தை உமிழ்நீராலும் தன் அசைவாலும் கழுவிக் கீழே தள்ளிவிடும். குரல்வளைக்கு அந்தக் காப்பு குறைவு. அமிலத்தோடு ஏறி வரும் பெப்சின் என்னும் செரிமான நொதி அங்கே ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். அதனால் நெஞ்சு எரியாமலேயே தொண்டை பாதிக்கப்படலாம்.

ஆனாலும், நாளுக்கு ஆறு பீரியடு குரலை உயர்த்திப் பேசும் உங்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: கம்மல் காலையிலா, மாலையிலா? விடுமுறையில் குறைகிறதா? மாலையில் மோசமாகி, கோடை விடுமுறையில் சரியாகிவிட்டால், குரல்நாணில் முடிச்சு இருக்கிறதா என்று தேடுவேன். அதற்குக் குரல் பயிற்சிதான் மருந்து. செருமுவதும் குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவைப்பதுதான். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

கேமரா வைத்துப் பார்த்துவிட்டு, குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருப்பதால் அமிலப் பாதிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். உறுதியா?

இல்லை. சிவப்பும் வீக்கமும் ஒவ்வாமையாலும் வரும், மூக்கிலிருந்து வழியும் சளியாலும் வரும், புகையாலும் வரும், செருமுவதாலும் வரும். தொண்டைத் தொந்தரவே இல்லாத 105 பேரைப் பரிசோதித்து 2002இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இப்படி ஏதாவது ஓர் அறிகுறி தெரிந்தது. அதே காட்சியை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு விதமாக மதிப்பிடுவதும் வழக்கம்.

ஒன்பது கேள்விகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் அட்டவணை ஒன்றும் உண்டு. மொத்தம் 45, 13ஐத் தாண்டினால் எதுக்களிப்பு என்று சந்தேகிப்போம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. அதே மதிப்பெண்ணை ஒவ்வாமைக்காரரும் எளிதில் எடுத்துவிடுவார். குரல்வளையைப் பார்ப்பதன் பெரிய பயன், முடிச்சு, கட்டி, செயலிழந்த குரல்நாண் போன்றவை இல்லை என்று உறுதிசெய்வது.

ஆறு மாதமாக அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். தொண்டை அப்படியே இருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள், நோய் அதுதானா என்று திரும்பக் கேளுங்கள். பிரிட்டனில் 346 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அதே வகை மருந்தான லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளையாக 16 வாரம் கொடுத்தார்கள். தொண்டைத் தொந்தரவு குறைந்தது. ஆனால் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவருக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் பலன் குறைந்துவிடலாம். பயனில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிட்டு, அடுத்த பதிலில் உள்ள பரிசோதனைக்குப் போகலாம்.

எண்டாஸ்கோபியில் எல்லாம் சரி என்று வந்தது. அப்படியானால் அமிலம் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. தொண்டைவரை எதுக்களிப்பவர்களில் பலருக்கு உணவுக்குழாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உறுதிசெய்ய 24 மணி நேரப் பரிசோதனை உண்டு. மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, இடுப்பில் கட்டிய சிறு கருவியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். நாளின் 6 சதவீதத்துக்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் நின்றால் நோய் உண்டு, 4க்குக் கீழே என்றால் இயல்பு. மின்தடை மாற்றத்தை வைத்து மேலேறும் திரவத்தைக் கண்டறியும் இம்பிடன்ஸ் வசதி சேர்ந்த குழாய் என்றால் அமிலமற்ற எதுக்களிப்பும் பதிவாகும். கொஞ்சம் அசௌகரியம்தான், செலவும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதற்கு முன் இந்த ஒரு நாளைத் தாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறேன். குரல் கரகரக்கிறது.

இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே காரணமாகலாம். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழல்) வைத்து இழுத்து, பிறகு வாய் கொப்பளியுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பாட்டு கற்கிறேன். வகுப்பு முடிந்து இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறேன். விடியற்காலைச் சாதகத்தில் குரல் எழும்பவில்லை.

இரவுச் சாப்பாட்டை வகுப்புக்கு முன்னால் மாற்றுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். நான்கு வாரம் இப்படி இருந்துவிட்டு, காலைக் குரல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மாற்றமில்லை என்றால் ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். குரல்நாணின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டுவதால், சாதாரணக் கேமராவுக்குத் தப்பும் சிறு மாற்றங்கள்கூட அதில் தெரியும்.