கிழமையும் மணியும் கற்றுத்தருவதற்கு இத்தனை கட்டணமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பி.காம். இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகளைப் பணம் கட்டி அலுவலக ஆங்கில வகுப்பில் சேர்த்ததாகவும், முதல் இரண்டு வாரமும் கிழமை, மாதம், மணி என்றே கழிந்துவிட்டதாகவும், ஒன்றாம் வகுப்புப் பாடத்துக்கா இவ்வளவு செலவு என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகவும் எழுதி, வகுப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அங்கே எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதை மகளிடம் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். 'சண்டே, மண்டே' என்று வரிசையாக ஒப்பிக்க வைக்கிறார்கள் என்றால் உங்கள் கோபம் நியாயமானது. ஒரு நாளையும் நேரத்தையும் எதிரில் இருப்பவரோடு பேசி, இருவரும் ஒன்றையே புரிந்துகொண்டோமா என்று உறுதிசெய்யப் பழக்குகிறார்கள் என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவருக்கு அதைவிடப் பயன்படும் பாடம் வேறில்லை.

அவர் விரும்பும் கணக்குப் பிரிவு வேலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நிறுவனம் அனுப்பிய இன்வாய்ஸ் ஒன்றில் 03/05 என்று தேதியும், 'நெட் 30' என்று நிபந்தனையும் இருக்கின்றன. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் பொருள். நம் வழக்கப்படி மே 3 என்று படிப்பவர், ஜூன் 2 வரை அவகாசம் இருக்கிறது என்று நினைத்து அதை அடியில் வைத்துவிடுவார். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள் என்பதால் உண்மையில் அது மார்ச் 5. கெடு ஏப்ரல் 4-ஆம் தேதியே முடிந்துவிடும். இந்தத் தவற்றைச் செய்பவருக்கு மாதங்களின் பெயர்கள் எல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. ஆகவே மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவது, அல்லது தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன்படி 2026-03-05 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது என்ற பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமிழ்வழியில் படித்த பெண் என்று தயங்குகிறீர்கள். இந்தப் பாடத்தில் தமிழ் பெரிதும் கைகொடுக்கும். பத்து மணிக்கு, திங்களன்று, ஏப்ரலில் என்று நாம் மூன்று விதமாகச் சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலமும் 'அட் டென்', 'ஆன் மண்டே', 'இன் ஏப்ரல்' என்று அதே இடங்களில்தான் சொல்லை மாற்றுகிறது. 'அட் நைட்' போன்ற சில விலக்குகளைத் தனியாக மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பலர் குழப்பிக்கொள்ளும் 'பை', 'அன்டில்' என்ற இரண்டும் நமக்கு 'வெள்ளிக்குள்', 'வெள்ளி வரை' என்று தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன. அறிக்கையை வெள்ளிக்குள் முடிப்பதும் வெள்ளி வரை எழுதிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே தமிழ் சில இடங்களில் காலை வாருவதும் உண்டு. 'இன்று காலை' என்பதை அப்படியே மாற்றி 'டுடே மார்னிங்' என்கிறோம். 'திஸ் மார்னிங்' என்பதே சரி. 'நேற்று இரவு' என்பது 'லாஸ்ட் நைட்'. 'இரண்டு நாளைக்கு முன்பு' என்ற நினைப்பில் 'டூ டேஸ் பிஃபோர்' என்று வாயில் வருவதை 'டூ டேஸ் அகோ' என்று திருத்திக்கொள்ள வேண்டும். மணி சொல்வதில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. நாம் ஐந்தோடு முக்காலைக் கூட்டி 'ஐந்தே முக்கால்' என்கிறோம். அவர்கள் ஆறிலிருந்து கால் மணியைக் கழித்து 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்கிறார்கள். தொலைபேசியில் 'சிக்ஸ்' என்பது மட்டும் காதில் விழுந்தால், வர வேண்டியவர் கால் மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை நிறுவனம் ஒன்றிலிருந்து அழைத்து, 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' நேர்முகம் என்றார்கள். நான் அந்த வார வெள்ளிக்கிழமையே ஒரு மாணவரை அனுப்பிவைக்க, அடுத்த வாரம் வரச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்துச் செலவு அவருக்கு, வெட்கம் எனக்கு. அன்றிலிருந்து யார் கிழமை சொன்னாலும் தேதியையும் கேட்டு, திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறேன். 'பைவீக்லி' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே: வாரம் இருமுறை என்றும், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் இரு பொருளிலும் அகராதிகளில் இருப்பதால், அதைத் தவிர்ப்பதே நல்லது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை என்றால், 'என்ட் ஆஃப் டே' என்று யாராவது கெடு வைக்கும்போது எந்த ஊர் நாள் என்று கேட்கவும் அவர் பழக வேண்டும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 3.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்துவிடுவதால், அம்மாதங்களில் அதே மாலை 5 மணி நமக்கு அதிகாலை 2.30.

வகுப்புக்கு வெளியே பயிற்சிக்கு என்று தனிப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டர் இருக்குமே, காலையில் தாளைக் கிழிப்பவர் மகளாகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைத் தாளில் இராகு காலம் 10.30 முதல் 12 வரை என்று இருக்கும். அதை, 'ஃப்ரம் ஹாஃப் பாஸ்ட் டென் டு நூன்' என்று உங்கள் காதில் விழும்படி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.