அக்கா அனுப்பிய மெய்ப்பு

கேள்வி: எனக்கு வயது 54. பல ஆண்டுகளாக மின்னூல்களையும் திரைப்படங்களையும் இணையத்தில் பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இணையக் கடை மூடப்பட்டபோது, அங்கே நான் வாங்கியிருந்த மின்னூல்கள் எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிட்டன. கல்லூரியில் படிக்கும் என் மகன் எதையும் வாங்குவதில்லை. திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிக்கொள்கிறான். "காசு கொடுத்தாலும் நமக்குச் சொந்தமில்லை என்றால், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்வது மட்டும் எப்படித் திருட்டாகும்? பதிப்புரிமைச் சட்டமே பெரிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்டதுதானே?" என்று கேட்கிறான். சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறேன். என் வாதம் எனக்கே வலுவாகத் தெரியவில்லை. போன வாரம், "நீங்கள் மட்டும் அத்தையின் நாவலைக் குடும்பக் குழுவில் போடவில்லையா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டான். என் அக்கா எழுத்தாளர். மெய்ப்புப் பார்க்கச் சொல்லி அவள் அனுப்பியிருந்த பிடிஎஃப் கோப்பை, நூல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு, பெருமை தாங்காமல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். குழுவில் உள்ள 40 பேரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அது வேறு விஷயம். மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது? சட்டம் யார் பக்கம்?

பதில்: இந்தச் சண்டை எத்தனையோ வீடுகளிலிருந்து எனக்குக் கடிதமாக வந்திருக்கிறது. தந்தை சட்டத்தைச் சொல்வார். பிள்ளை நிறுவனங்களின் பேராசையைச் சொல்வான். இருவரையும் சமாதானப்படுத்தி நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. மூடிப்போன கடையைப் பற்றியும் மகனின் வாதத்தைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், கூடப்பிறந்தவர் உங்களோடு பேசாமல் இருப்பதை ஒரே வரியில் சொல்லி, "அது வேறு விஷயம்" என்று நகர்ந்துவிட்டீர்கள். மகன் ஒரே கேள்வியில் உங்கள் வாயை அடைத்ததற்குக் காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது. அவன் கண்ணில் பட்டது உங்கள் கண்ணில் படவில்லை என்பது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

சட்டத்தைக் கேட்டீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மின்னூலுக்குப் பணம் கட்டியபோது உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதைப் படிப்பதற்கான உரிமம்தான். அச்சுப் புத்தகத்தின் நிலை அப்படியல்ல. ஒரு பதிப்பகம், தன் நூலை இன்ன விலைக்குக் கீழே எவரும் விற்கக் கூடாது என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டு வைத்த வழக்கில், ஒரு முறை விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனையை அப்படிக் கட்டுப்படுத்தப் பதிப்புரிமை இடம் தராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. இந்தக் கொள்கை ஏதேனும் ஒரு வடிவில் பல நாடுகளில் நிலைபெற்றிருப்பதால்தான் அச்சுப் புத்தகத்தை இரவல் கொடுக்கிறோம், பழைய புத்தகமாக விற்கிறோம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம். மின்னூலுக்கு அது பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறிவிட்டது. படித்து முடித்த மின்னூல்களை மறுவிற்பனை செய்ய முயன்ற ஒரு டச்சு நிறுவனம் அந்த வழக்கில் தோற்றது.

இதன் விளைவு என்ன என்பதை நீங்கள் பட்டறிந்திருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், உரிமை இல்லாத ஒருவர் தன் கடையில் ஏற்றி விற்ற மின்னூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவர், நூல் போன பிறகு அந்தக் குறிப்புகளால் பயனில்லாமல் போயிற்று என்று வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோதும் இதே கதைதான். "வாங்குக" என்று பொத்தானில் எழுதிவிட்டு, உண்மையில் வாடகைக்கு விடுவதை நேர்மையற்ற வணிகம் என்றே நான் கருதுகிறேன். விற்பவர் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் கொண்டுவந்த சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா நாடுகளும் அதைச் செய்ய வேண்டும். அதற்காக நீங்கள் குரல் கொடுங்கள், நுகர்வோர் அமைப்புகளிடம் முறையிடுங்கள், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுப் போடாத கோப்பாக நூலைத் தரும் கடைகளில் இனி வாங்குங்கள். இவ்வளவு தூரம் நான் உங்கள் பக்கம்.

உங்கள் மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பதிப்புரிமையை மீறுவதும் ஒரு பொருளைத் திருடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்று, அனுமதியின்றித் தயாரித்த இசைத்தட்டுகள் பற்றிய ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985இல் கூறியிருக்கிறது. திருடினால் பொருள் உடையவரிடம் இல்லாமல் போகும். பிரதி எடுத்தால் மூலம் அவரிடமே இருக்கும். ஆனால் திருட்டு அல்ல என்பதாலேயே தவறும் அல்ல என்று ஆகிவிடுமா? ஒரு கடை உங்களை ஏமாற்றியது என்பதற்காக, அந்தக் கடையை நடத்தாத, அதன் விதிகளை எழுதாத ஓர் எழுத்தாளருக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைக்கும் உரிமை உங்கள் மகனுக்கு எங்கிருந்து வந்தது?

சட்டமே நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது என்கிறானே, அவனை 1710ஆம் ஆண்டின் பிரிட்டன் பதிப்புரிமைச் சட்டத்தின் முகப்புரையைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பு நூல்களின் மீதான உரிமை அச்சுத் தொழிலைக் கையில் வைத்திருந்த ஒரு வணிகச் சங்கத்திடம் இருந்தது. அந்தச் சட்டம்தான் அந்த உரிமையை எழுதியவருக்கென்று முதன்முதலாக வகுத்து, 14 ஆண்டுகள் என்று வரையறுத்து, அது முடியும்போது அவர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டுகள் நீட்டித்தது. எழுதியவர்களின் சம்மதமில்லாமல் நூல்களை அச்சிடுவது அவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் பல நேரங்களில் அழிவுக்குத் தள்ளுகிறது என்று அதன் முகப்புரை கூறுகிறது. குடும்பங்கள் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. பிற்காலத்தில் அந்த 14 ஆண்டுகள், அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் எழுதியவர் இறந்த பிறகு 70 ஆண்டுகள் என்று நீண்டது பெரிதும் வணிகர்களின் நலனுக்காகத்தான் என்பதை நானும் ஏற்கிறேன். அவ்வளவு காலம் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார். அவருடைய நாவல் அப்போது வெளிவரக்கூட இல்லை. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் நீங்கள் செய்தது சரியாகாது.

மெய்ப்பு என்பது முடிந்த நூல் அல்ல என்பது, அதைப் பார்க்க உட்கார்ந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒற்றுப்பிழைகள் இருக்கும். ஓர் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் மாறிப்போயிருக்கும். வைப்பதா வெட்டுவதா என்று எழுதியவர் இன்னும் முடிவெடுக்காத பத்திகள் இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் தமக்கே அவர் போட்டுக்கொண்ட கேள்விக்குறிகள்கூட இருக்கலாம். அந்த நிலையில் ஓர் எழுத்தாளர் தம் நூலை எல்லோருக்கும் காட்ட மாட்டார். தம் பிழைகளைப் பார்த்தும் வெளியே சொல்லாமல் திருத்தித் தருவார் என்று நம்புகிற ஓரிருவருக்கு மட்டுமே காட்டுவார். அந்த ஓரிருவரில் ஒருவராக அக்கா உங்களை வைத்திருந்தார். நீங்கள் அதை 40 கைப்பேசிகளுக்கு அனுப்பி வைத்தீர்கள். அந்த 40 பேரில் எத்தனை பேர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. திருத்தப்படாத அந்தப் பிரதி அவருடைய பெயரோடு இனி எங்கே போனாலும் அவரால் அதன் பின்னால் ஓடிச் சென்று பிழைகளைத் திருத்த முடியாது.

எழுத்தாளரின் உரிமை பணத்தோடு முடிவதில்லை. படைப்பாளர்களின் உரிமைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை 1928இல் ரோம் நகரில் திருத்தப்பட்டபோது, ஆக்கியவரின் தார்மிக உரிமை அதில் சேர்க்கப்பட்டது. பொருளாதார உரிமைகளை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், படைப்பு தம்முடையது என்று உரிமை கொண்டாடவும், தம் மதிப்பு கெடும்படி அது சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அரைகுறை வரைவைச் சுற்றுக்கு விடுவது அந்த விதிக்குள் அடங்குமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதன் நோக்கம் உங்களுக்குப் புரிந்தால் போதும். அதற்கும் முந்திய உரிமை ஒன்று உண்டு: எழுதியதை வெளியிடுவதா வேண்டாமா, எப்போது, எந்த வடிவத்தில் என்று முடிவு செய்யும் உரிமை. எங்கும் பதிவு செய்யாமலேயே, எழுதிய அன்றே அது எழுதியவருக்கு வந்துவிடுகிறது. நூல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு பகிர்ந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அக்காவின் நாவலை வெளியிட்டவர் அவரும் அல்ல, பதிப்பாளரும் அல்ல, நீங்கள்தான்.

பதிப்பாளர் விஷயத்தை நீங்கள் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை. நூலை வெளியிடும் உரிமையைத் தமக்கு மட்டுமே தருவதாகப் பதிப்பகங்கள் பொதுவாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும். விற்பனைக்கு வருமுன்பே கோப்பு கைமாறிக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவந்தால், முதலில் கேள்வி கேட்கப்படுபவர் உங்கள் அக்கா. அப்போது அவர் என்ன சொல்வார்? தம்பி செய்துவிட்டான் என்று உங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும், அல்லது பழியைத் தாமே ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உங்களோடு சண்டை போடாமல் பேச்சைக் குறைத்துக்கொண்டதிலிருந்து, அவர் எதைத் தேர்ந்திருப்பார் என்று ஊகிக்கிறேன்.

பெருமை தாங்காமல் செய்தேன் என்கிறீர்கள். அந்தப் பெருமையில் அக்காவுக்கு என்ன பங்கு கிடைத்தது? பாராட்டு வந்தது உங்கள் பகிர்வுக்குக் கீழே. நாவலை எழுத அவர் கண் விழித்த இரவுகளில் அந்த 40 பேரில் எவரும் உடன் இல்லை. புத்தகம் கடைக்கு வந்தபோது அதை வாங்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லாமல் போனது. ஒரு நாவலுக்கு முதல் 40 வாசகர்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. வீட்டுக்குள் ஒருவர், அதிலும் ஒரு பெண், எழுதினாலும் தைத்தாலும் பாடம் சொல்லிக் கொடுத்தாலும் அது எல்லோருக்கும் பொதுவானது, அதற்குக் கணக்குப் பார்ப்பது உறவுக்கு அழகல்ல என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் எழுத்தாளரின் நூலைப் பகிர்வதற்குமுன் உங்களைப் போன்ற ஒருவர் ஒரு கணமாவது தயங்கியிருப்பார். அக்காவின் நூல் என்றதும் அந்தத் தயக்கம்கூட வரவில்லை. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: இரத்த உறவின் உழைப்பில்தான் நாம் மற்றவர்களிடம் காட்டுவதைவிடக் கூடுதல் நாணயம் காட்ட வேண்டும், ஏனென்றால் அவர்களால் நம்மிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது.

இனிச் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். அக்காவை நேரில் போய்ப் பாருங்கள். கைப்பேசியில் செய்தி அனுப்பி முடித்துவிடாதீர்கள். பெருமை, பாசம் என்ற சொற்களை அங்கே எடுக்காதீர்கள். உங்களைக் கேட்காமல் செய்தேன், அது தவறு என்று சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். 40 பிரதிகளை வாங்கி உறவினர்களுக்கு அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றும் எண்ணாதீர்கள். வாங்குங்கள், ஆனால் அதை மன்னிப்புக்கு விலையாக அவர் முன்னால் வைக்காதீர்கள். அவர் சம்மதித்தால், அதே குடும்பக் குழுவில், இது திருத்தப்படாத மெய்ப்பு, அக்காவின் அனுமதியின்றி நான் அனுப்பியது, தயவுசெய்து அழித்துவிடுங்கள், வேறு எவருக்கும் அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். குழுவிலிருந்து நீங்கள் கோப்பை நீக்கினாலும் இறக்கிக்கொண்டவர்களின் கைப்பேசியில் அது இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், இந்த வேண்டுகோள் இல்லாமல் வெறுமனே நீக்குவதில் பயனில்லை. பெரியவர்கள் இருக்கும் குழுவில் தலைகுனிய வேண்டியிருக்குமே என்று தயங்காதீர்கள்.

மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை வாதத்தில் தேடாதீர்கள். 18 வயது கடந்த பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். அக்கா வீட்டுக்கு அவனையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்பதை அவன் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். அதன் பிறகு அவனுக்கு விவாதிக்க வேண்டும் என்றால், திருட்டுத் தளங்களைப் பற்றி அத்தையிடமே விவாதிக்கட்டும். ஒரு பிரதிக்குத் தமக்கு எவ்வளவு ராயல்டி கிடைக்கிறது, ஒரு நாவலுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதை எழுதுபவரின் வாயாலேயே கேட்கட்டும். நிறுவனங்களின் மீது அவனுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. அதைக் கைவிடச் சொல்லாதீர்கள். எழுத்தாளருக்குப் பணம் போய்ச் சேரும் வழியில் வாங்கிக்கொண்டே அந்தக் கோபத்தோடு போராட முடியும் என்பதை அத்தை அவனுக்கு உங்களைவிட நன்றாகச் சொல்லுவார்.

பதிப்பாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். கோப்பு வெளியே போனது உங்களால்தான், அக்காவுக்கு அதில் பங்கில்லை என்று தெளிவாக இருக்கட்டும். அக்காவிடம் கேட்காமல் அதை அனுப்பிவிடாதீர்கள். அவருக்கும் பதிப்பாளருக்கும் இடையே என்ன பேச்சு நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. எழுதியதை அவரிடம் காட்டி, அவர் திருத்தச் சொல்வதைத் திருத்தி, அவர் அனுப்பலாம் என்று சொன்ன பிறகு அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.